சொல் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது: இது மறதியா?

பிப்ரவரி 9. ஒருவர் கேட்டது

"வயசு 47. கொஞ்ச நாளா ஆட்கள் பேரு, பொருள் பேரு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்னுடுது. ஒரு கல்யாண வீட்ல கூட வேலை பார்த்தவர் எதிர்ல வந்து நிக்கிறார். எந்த செக்‌ஷன், எந்த ஊரு, பையன் என்ன படிக்கிறான் எல்லாம் தெரியுது, பேர் மட்டும் வரலை. எங்கம்மாவுக்குக் கடைசி காலத்துல மறதி நோய் இருந்துச்சு. இது அதோட ஆரம்பமா? இன்னொண்ணு, போன்ல தேடாம நாமளே போராடி ஞாபகப்படுத்துனா மூளைக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, செய்யலாமா?"

பிப்ரவரி 9, இரவு

போராட வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மறதி நோய் பற்றி: நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். செக்‌ஷன் தெரிகிறது, ஊர் தெரிகிறது, பையனின் படிப்பு தெரிகிறது. அந்த மனிதரைப் பற்றி உங்களிடமிருந்து எதுவும் தொலையவில்லை. பேரின் ஒலி மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்ற யாராவது பேரைச் சொல்லியிருந்தால் "ஆங், அவரேதான்" என்று சட்டென்று பிடித்திருப்பீர்கள். தப்பான பேரைச் சொல்லியிருந்தால் "இல்லை, அது இல்லை" என்றும் அதே வேகத்தில் சொல்லியிருப்பீர்கள். தெரியாத ஒன்றைப் பற்றி யாராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

நான் மருத்துவர் இல்லை. உளவியல் பாடம் எடுப்பவள். இந்த விஷயத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு, அப்பாவால். அதையும் எழுதுவேன்.

பிப்ரவரி 10, காலை

இரவு சொன்ன "தெரியாத ஒன்றை மறுக்க முடியாது" என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன், இந்த விஷயத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே இதை எழுதிவிட்டார். மறந்த பேரைத் தேடும்போது மனதில் ஓர் இடைவெளி இருக்கிறது, ஆனால் அது வெறும் காலியிடம் இல்லை, அதற்கென்று ஒரு வடிவம் இருக்கிறது, பொருந்தாத பேரைக் கொண்டுபோய் வைத்தால் உடனே தள்ளிவிடுகிறது என்றார். ஒரு பேரின் இடைவெளியும் இன்னொரு பேரின் இடைவெளியும் ஒன்றுபோல இருப்பதில்லை என்றும் கவனித்தார். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், தன் மனதைத் தானே உற்றுப் பார்த்து எழுதியது. எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும் பகுதி.

அதைச் சோதித்துப் பார்க்க 1966 வரை ஆனது. ஹார்வர்டில் ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் இருவரும் மாணவர்களை உட்கார வைத்து, அதிகம் புழங்காத சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்தார்கள். கடலில் சூரியனும் விண்மீன்களும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கும் மாலுமிக் கருவி எது? விடை செக்ஸ்டன்ட். சிலருக்கு உடனே வந்தது, சிலருக்குத் தெரியவே தெரியாது. நடுவில் ஒரு கூட்டம் நெளிந்தது. தும்மல் வரப்போய் வராமல் நிற்கும் அவஸ்தை போல இருந்தது அவர்கள் நிலை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் கூட்டத்திடம்தான் அடுத்த கேள்வி: அந்தச் சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது? எத்தனை அசை? வேறு என்ன சொற்கள் மனதில் வருகின்றன?

சொல் வராதவர்கள் முதல் எழுத்தைப் பாதிக்கும் மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். அசை எண்ணிக்கையும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே பொருந்தியது. மனதில் வந்த தவறான சொற்கள் இரண்டு வகை. பொருளால் பக்கத்தில் இருப்பவை: காம்பஸ், புரோட்ராக்டர். ஒலியால் பக்கத்தில் இருப்பவை: செக்கன்ட், செக்ஸ்டெட், செக்ஸ்டன். ஒலியால் வந்தவைதான் எண்ணிக்கையில் அதிகம். சொல் முழுதாகக் கைக்கு வரவில்லை, ஆனால் அதன் விளிம்பு தட்டுப்படுகிறது.

வீட்டில் தமிழில் இதைச் செய்து பாருங்கள். பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது நான் கேட்டேன்: தலையில் கூடை தூக்குவதற்கு முன்னால் துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, அதற்குப் பேர் என்ன? சித்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றிக் காட்டுகிறார், சொல் வரவில்லை. "சு-வுல ஆரம்பிக்கும்" என்கிறார். "சுமைதாங்கி?" என்றான் தம்பி. "அது ரோட்டோரக் கல்லுடா" என்று அதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து சத்தம்: "சும்மாடு!" சுமைதாங்கி ஒலியாலும் பக்கம், பொருளாலும் பக்கம். ஆய்வுக்கூடத்தில் நடந்தது அப்படியே எங்கள் திண்ணையில் நடந்தது.

பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் வைக்கோல் வளையம், வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் அச்சில் செருகும் ஆணி, நெல் அளக்கும் மரப்படி. கேட்டுப் பாருங்கள். பிரிமணை, அச்சாணி, மரக்கால்.

பிப்ரவரி 10, மாலை

"மனசுக்குப் பிடிக்காததைத்தான் மறக்கிறோம், ஃபிராய்டு சொல்லியிருக்கார்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்.

சொல்லியிருக்கிறார், 1898இல். ஹெர்சகோவினா பக்கம் பயணத்தில், இத்தாலியின் ஓர்வியேட்டோ தேவாலயத்துச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசும்போது ஓவியர் பேர் வரவில்லை. அவர் தேடியது சிக்னொரெல்லி. வந்தது போட்டிச்செல்லி, பிறகு போல்ட்ராஃபியோ. சாவையும் பாலுறவையும் பற்றி அவர் அடக்கி வைத்த நினைப்புதான் அந்தப் பேரையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது என்று நீண்ட விளக்கம் கொடுத்தார்.

அண்ணா, அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. சிக்னொரெல்லி, போட்டிச்செல்லி இரண்டு பேருமே மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியர்கள். இரண்டு பேரும் ஒரே ஓசையில் முடிகிறது. பொருளாலும் ஒலியாலும் பக்கத்து வீடு. எங்கள் சித்திக்கு சும்மாட்டின் மேல் எந்த அடக்கிய வெறுப்பும் கிடையாது.

அந்தக் காலத்துப் பெண்கள் கணவர் பேரைச் சொல்லாமல் இருந்ததையும் இதோடு சேர்த்திருந்தார். அது வேறு. பேர் நன்றாகத் தெரிந்து, சொல்லக்கூடாது என்று நிறுத்திக்கொள்வது.

பிப்ரவரி 11

ஏன் வருவதில்லை என்பதற்கு இப்போது பலரும் ஏற்கும் விளக்கம் டெபோரா பர்க், டொனால்ட் மெக்கே குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஆட்களிடம் குறிப்பேடு கொடுத்து, சொல் சிக்கும் ஒவ்வொரு தடவையும் எழுதச் சொன்னார்கள். இளைஞர்கள், நடுவயதினர், முதியவர்கள் என்று மூன்று தரப்பு. வயது ஏற ஏற சிக்கல் அதிகம். சிக்கியவற்றில் மிகுதி ஆட்பெயர்கள். பெரும்பாலான சொற்கள் கடைசியில் கிடைத்துவிட்டன. பல தடவை, தேடுவதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும்போது தானாகவே.

அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. பொருள் ஓரிடத்தில், ஒலி இன்னோரிடத்தில். நடுவே இணைப்புகள். ஒரு சொல்லை அடிக்கடி சொன்னால் இணைப்பு வலுவாக இருக்கும். நெடுநாள் சொல்லாமல் விட்டால் தளரும். வயதானாலும் தளரும். பொருளுக்குப் பல பக்கத்திலிருந்தும் ஆதரவு உண்டு, அதனால் அது தாங்கிவிடும். ஒலிக்குப் போகிற வழி ஒன்றிரண்டுதான், அதனால் முதலில் அது காலை வாரும்.

ஆட்பெயர் ஏன் முதலில் போகிறது? 1987இல் பிரிட்டனில் ஒரு சோதனை. ஒரு முகத்தைக் காட்டி இவர் தொழில் ரொட்டி சுடுவது, அதாவது பேக்கர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு முகத்துக்குக் குடும்பப்பெயரே பேக்கர் என்றார்கள். அதே ஒலிதான். தொழில் நினைவில் நின்ற அளவு பெயர் நிற்கவில்லை. தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை எல்லாம் கூட வருகின்றன. பெயருக்குத் துணையாக வருவது எதுவும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதை அந்த ஆய்வாளர்கள் யாரும் சொல்லவில்லை, என் யோசனை. நம் வீடுகளில் பேர் சொல்லி யாரைக் கூப்பிடுகிறோம்? நம்மைவிடச் சின்னவர்களை. மற்றவர்கள் எல்லாம் பெரியப்பா, அத்தை, மச்சான், மதினி. தெருவில் மாடி வீட்டு அக்கா, பேங்க் மாமா, டீச்சரம்மா, இஸ்திரி போடும் அண்ணன். முப்பது வருஷம் பழகியவர் பேரை வாய்விட்டு ஒருதடவைகூடச் சொல்லாமலே காலம் ஓடிவிடும். அப்புறம் கல்யாணப் பத்திரிகைக் கவரில் எழுத பேனாவை எடுத்தால் கை நிற்கிறது. மறந்துபோனதா? பழக்கமே கொடுக்கவில்லையே. இது மரியாதையாலும் பாசத்தாலும் வந்த பழக்கம், இதற்காக யாரும் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். ஆனால் கேள்வி கேட்டவர் தன்னை நொந்துகொள்வதற்கு முன் யோசிக்கட்டும்: கல்யாண வீட்டில் பார்த்தவரை ஆபீசில் எப்படிக் கூப்பிட்டீர்கள்? "சார்" என்றுதானே?

பிப்ரவரி 11, இரவு

"எங்க ஆச்சி என்னைக் கூப்பிட நாலு பேர் பேரைச் சொல்லிட்டுத்தான் என்கிட்ட வரும், அதுவும் இதுதானா?" என்று ஒரு தங்கை.

இல்லைம்மா, இது அடுத்த வீட்டு விஷயம். உன் பேர் ஆச்சிக்குச் சிக்கவில்லை, பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதால் கை மாறி எடுக்கிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1,700க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு 2016இல் எழுதினார்கள். வீட்டாரை வீட்டார் பேரால்தான் மாற்றிக் கூப்பிடுகிறார்கள், நண்பர்களை நண்பர்கள் பேரால். வீட்டு நாயின் பேரும் அந்தப் பட்டியலில் வருகிறது, பூனையின் பேர் வருவதில்லை. ஆச்சி உன்னை நாய்க்குட்டி பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சந்தோஷப்படு, வீட்டு ஆள் கணக்கில் இருக்கிறாய்.

பிப்ரவரி 13

சென்னையிலிருந்து ஐடி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர்: "தமிழ்ச் சொல் தேடினா இங்கிலீஷ் சொல்தான் வந்து நிக்குது. இங்கிலீஷ்தான் தமிழை அடைச்சுக்கிட்டு விடமாட்டேங்குதுன்னு தோணுது."

இப்படித் தோன்றுவது இயல்பு. தேடியது வராமல் வேறொன்று வந்தால் அதுதான் வழியை மறிக்கிறது என்று மனம் சொல்லும். ஆனால் சான்றுகள் வேறு பக்கம் காட்டுகின்றன, நான் இதில் நின்று எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்த எண்ணத்தால் பிள்ளைகளை ஏதோ ஒரு மொழியிலிருந்து விலக்குகிற பெற்றோரை நேரில் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் டமார் கோலன் இதையே பல வருஷமாக ஆராய்கிறார். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்குச் சொல் சிக்குவது அதிகம் என்பது உண்மை. ஹீப்ரு, ஸ்பானிஷ், பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக் பேசுகிறவர்களிடம் பார்த்திருக்கிறார்கள். காரணம்தான் கேள்வி. 2009இல் அவரும் ஜெனி பையர்ஸ், கேரன் எம்மோரி இருவரும் ஆங்கிலத்தோடு அமெரிக்கச் சைகை மொழியும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். ஒரு மொழி வாயில், இன்னொன்று கையில். சைகைக்கு ஒலி கிடையாது, ஆகவே அது ஆங்கிலச் சொல்லின் ஒலியோடு முட்டிக்கொள்ள வழியே இல்லை. அவர்களுக்கும் ஆங்கிலச் சொற்கள் அதிகமாகவே சிக்கின. ஒலி வந்து ஒலியை மறிக்கிறது என்ற விளக்கம் அங்கே விழுந்துவிடுகிறது.

இன்னொரு சான்று இதைவிட அழகானது. ஆட்பெயர் என்று வரும்போது இருமொழியாளர்களுக்கும் ஒருமொழியாளர்களுக்கும் வித்தியாசம் இல்லை, அது 2005இல் வந்தது. ஏன்? பேர் எந்த மொழியில் பேசினாலும் அதே பேர்தான். மற்ற சொற்களில் உங்கள் வாய் பாதி நேரம் தமிழைச் சொல்கிறது, பாதி நேரம் ஆங்கிலத்தை. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பாதியாகிறது. பேரில் அந்தப் பங்கீடு இல்லை. இரண்டு மொழியிலும் ஒலியால் நெருங்கிய சொற்கள் குறைவாகச் சிக்குகின்றன என்பதும் இதோடு பொருந்துகிறது. பஸ், டிக்கெட், பேனா எங்கேயாவது நாக்கில் நின்றிருக்கிறதா?

ஆகவே தம்பி, ஆங்கிலம் தமிழை அடைக்கவில்லை. தமிழ்ச் சொல்லைச் சொல்லும் சந்தர்ப்பம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தை விரட்ட வேண்டியதில்லை, தமிழில் பேசுகிற நேரத்தைக் கூட்டுங்கள். அலுவலகத்தில் நடந்ததை வீட்டில் அம்மாவிடம் முழுக்கத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

இதில் நமக்கு இன்னொரு சுற்றும் இருக்கிறது. எழுத்தில் ஒரு தமிழ், பேச்சில் ஒரு தமிழ். படித்தால் புரிகிற நூற்றுக்கணக்கான சொற்கள் வாயில் ஏறியதே இல்லை. மேடையில் மைக்கைப் பிடித்ததும் அவைதான் காலை வாருகின்றன. படித்துப் புரிவது வேறு, எடுத்துச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு உச்சரித்துப் பழகித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 14

சைகை மொழி பற்றி எழுதியதும் ஒருவர் கேட்டார், காது கேளாதவர்களுக்குச் சைகை இப்படி நிற்குமா என்று. நிற்கும். 2005இல் எழுதியிருக்கிறார்கள், விரல் நுனி அனுபவம் என்றே பேர் வைத்தார்கள். சைகை முழுதாக வராதபோதும் கையின் வடிவம், உடம்பில் எந்த இடம் என்பது வந்துவிடுகிறதாம், அசைவு வருவதுதான் குறைவு. எனக்கு முதல் எழுத்து தெரிந்து மீதி வராமல் நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை!

பிப்ரவரி 16

இப்போது "போராட வேண்டாம்" என்றதற்குக் காரணம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஏமி வாரினர், கேரின் ஹம்ஃப்ரீஸ் 2008இல் வெளியிட்டது. மாணவர்களுக்குச் சொல் சிக்கும்போது சிலரை 10 விநாடி, சிலரை 30 விநாடி தவிக்க விட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து அதே கேள்விகள். 30 விநாடி தவித்த சொற்கள் மறுபடியும் சிக்கும் வாய்ப்பு அதிகம். விடையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும்! தவிக்கிற நேரம் முழுக்க, மூளை அந்தத் தவறான வழியையே பயிற்சி செய்துகொண்டிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஒருதடவை சிக்கிய அதே சொல் திரும்பத் திரும்ப நம்மைச் சிக்கவைப்பது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எனக்கு அப்படி ஒரு சொல் இருந்தது. கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுக்கிற மரம், பூ இனிக்கும், வௌவால் தேடி வரும். அம்மா ஊரில் ஒரு தோப்பே இருந்தது. பேர் சொல்லப்போனால் இலந்தை வரும், அது இல்லை என்று தெரியும், அடுத்து இலவம் வரும், அதுவும் இல்லை. நான் விடாமல் இழுப்பேன், கண்ணை மூடிக்கொண்டு இழுப்பேன், அந்த இரண்டும்தான் முன்னால் வந்து நிற்கும். அம்மாவிடம் சொன்னபோது அவர் பேரைச் சொல்லவில்லை, "ஆலை இல்லா ஊருக்கு..." என்று நிறுத்தினார். என் வாய் தானாகவே முடித்தது: இலுப்பைப்பூ சர்க்கரை.

பொருளிலிருந்து ஒலிக்குப் போகிற வழி அடைபட்டிருந்தது, பழமொழியின் ஓட்டத்தில் வந்த வழி திறந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சில தடவை வாய்விட்டுச் சொல்லி வைத்தேன். இப்போதெல்லாம் நிற்பதில்லை.

பிப்ரவரி 17

ஆசிரியை அக்கா ஒருவர் மறுக்கிறார்: "புத்தகத்தை மூடி வச்சுட்டு யோசிச்சு எழுதுற பிள்ளைக்குத்தான் பாடம் நிக்குது. நீங்க யோசிக்காதேன்னு சொல்றீங்களே."

அக்கா சொல்வது முழு உண்மை, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதைப் போன்ற நல்ல படிப்பு முறை வேறில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நினைவுபடுத்தும் முயற்சி பலன் தருவது விடையைப் போய்த் தொடும்போது. சொல் நாக்கில் நிற்பது அப்படி இல்லை, ஒரே இடத்தில் சக்கரம் சுற்றுகிற நிலை. ஹம்ஃப்ரீஸ் குழுவே 2015இல் தொடர்ந்து எழுதியது: சிக்கிய சொல்லை எட்டிப் பிடித்துவிட்டால் அடுத்த முறை சிக்குவது குறைகிறது. எனவே கொஞ்சம் யோசிக்கலாம். வந்தால் நல்லது. பழைய தப்புச் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கேளுங்கள், போனில் பாருங்கள். கிடைத்ததும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுதான் பலரும் விட்டுவிடுவது. தேடிப் பார்த்து "ஓ, அதுவா" என்று போனை மூடினால் உங்கள் வாய் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 20

அப்பாவைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன்.

அப்பா தபால் துறையில் இருந்தவர். தெருப் பேர், வீட்டு எண், யாருக்கு எந்த ஊரிலிருந்து மணியார்டர் வரும் என்று எல்லாம் சொல்லுவார். எழுபதைத் தாண்டியதும் பேர்கள் நிற்க ஆரம்பித்தன. ஒரு விசேஷத்தில் பழைய நண்பரின் பேர் வரவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், "மாமாவுக்கு வயசாயிடுச்சு" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அதற்குப் பிறகு அப்பா கூட்டத்தில் பேசுவதைக் குறைத்தார். அப்புறம் போவதையே குறைத்தார். கேட்டால் "கால் வலி" என்பார்.

எனக்குப் பதறியது அங்கேதான். சொல் சொல்லப் பழகினால்தான் வரும் என்று வகுப்பில் நானே நடத்துகிறேன், வீட்டில் ஒரு மனிதர் சொல் நிற்குமே என்ற பயத்தில் பேச்சையே விடுகிறார். பேசாமல் இருந்தால் இன்னும் நிற்கும், நின்றால் இன்னும் பேசமாட்டார். வயதாகும்போது சொல் சிக்குவது இயல்பான ஒன்று. அதைப் பார்த்துச் சுற்றியுள்ளவர்கள் சிரிப்பதும், பதிலை அவர் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு மீதி வாக்கியத்தை முடிப்பதும்தான் அவர்களை ஒதுக்குகிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம்மிடம் இதற்கு ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கோயிலில் பாசுரமோ பதிகமோ பாடுகிறவர் நடுவே நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பாட்டு முழுவதையும் பாடிவிடமாட்டார். முதல் சீரை மெல்ல எடுத்துக் கொடுப்பார், பாடுகிறவர் பிடித்துக்கொண்டு போய்விடுவார். அடியெடுத்துக் கொடுப்பது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறது. மோனையும் எதுகையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆய்விலும் இதுதான் கிடைத்தது. லோரி ஜேம்ஸ், பர்க் இருவரும் 2000இல், சிக்கிய சொல்லோடு ஒலி ஒத்த சொற்களை உச்சரிக்க வைத்தால் சொல் வெளியே வருகிறது என்று காட்டினார்கள். லீசே ஏப்ரம்ஸ் அதை இன்னும் பிரித்துப் பார்த்தார்: உதவுவது சொல்லின் முதல் அசை, நடுவும் கடைசியும் உதவுவதில்லை.

வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். தாத்தாவுக்குப் பேர் நின்றால் யாரும் முழுசாகச் சொல்லக் கூடாது, முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவராகக் கேட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், அங்கே பரீட்சை வைக்கக் கூடாது. பிள்ளைகள் இதை ஆசையாகச் செய்கிறார்கள். அப்பா சாயங்காலம் திரும்பவும் டீக்கடைப் பக்கம் போகிறார்.

பிப்ரவரி 21

மருத்துவரை எப்போது பார்ப்பது என்று பலரும் கேட்டுவிட்டீர்கள்.

முதலில் ஆறுதலான செய்தி. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சால்ட்ஹவுஸ், மாண்டெல் 2013இல் 18 வயது முதல் 90க்கு மேல் வரை 700க்கும் அதிகமானவர்களைப் பார்த்தார்கள். வயதோடு சொல் சிக்குவது கூடுகிறது. ஆனால் மறதி நோயில் முதலில் பாதிக்கப்படும் வகை நினைவு, அதாவது நடந்ததை நினைவில் வைக்கும் திறன், அதற்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. 2007இல் வந்த இன்னோர் ஆய்வு, மூளையில் இடது இன்சுலா என்ற பகுதி மெலிவதோடு இதைப் பொருத்தியது. ஒலியை உருவாக்குவதில் பங்குள்ள பகுதி அது.

எதைக் கவனிக்க வேண்டும்? பேர் வராதது ஒருபுறம் இருக்கட்டும், பேரைச் சொன்ன பிறகும் "யார் அது?" என்று கேட்டால். பொருளின் பேர் மட்டுமல்லாமல் அது எதற்குப் பயன்படுகிறது என்பதே குழம்பினால். காலையில் பேசியதை மதியம் முழுக்க மறந்து அதையே திரும்பக் கேட்டால். பழகிய தெருவில் வழி தப்பினால். அப்போது தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கேள்வி கேட்டவர் அம்மாவுக்கு இருந்தது என்று சொன்னதால், மன நிம்மதிக்காக ஒருமுறை பார்த்துவிடுவதில் தவறே இல்லை.

இன்னொன்று அவசரம். இருந்தாற்போல் சில நிமிடத்தில் பேச்சு குழறினால், சொற்கள் மொத்தமாக வராமல் போனால், முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். வீட்டில் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான வரம்பு, அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

பிப்ரவரி 24

அடியெடுத்துக் கொடுப்பதில் ஒரு நுணுக்கம் விட்டுப்போயிற்று. ஏப்ரம்ஸும் ரோட்ரிகசும் 2005இல் கண்டது. சிக்கிய சொல் பெயர்ச்சொல்லாக இருக்கும்போது, அதே முதல் அசையில் தொடங்கும் வேறு வகைச் சொல், வினையோ அடையோ, உதவுகிறது. அதே முதல் அசையில் இன்னொரு பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் உதவுவதில்லை. சும்மாடு வராமல் தவிக்கும் சித்திக்குச் சுமைதாங்கி கைகொடுக்காததை இதோடு வைத்துப் பார்க்கிறேன், அந்தச் சொல் அதே நாற்காலிக்குப் போட்டி போடும். "சும்மா சொல்லுங்க சித்தி" என்று யாராவது சொல்லியிருந்தால் அப்போதே வந்திருக்கலாம்.

மார்ச் 2

பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் கேட்டிருக்கிறான், வைவாவில் தெரிந்த விடை நாக்கில் நிற்கிறது, தேர்வாளர் முறைத்துக்கொண்டிருக்கிறார், என்ன செய்வது என்று.

தம்பி, மௌனமாக நிற்காதே. "சொல் வரவில்லை சார், ஆனால் அது இப்படி வேலை செய்யும்" என்று விளக்கத்தைச் சொல்லத் தொடங்கு. விளக்கும்போது அதைச் சுற்றியுள்ள சொற்கள் வாயில் வரும், சில சமயம் அவற்றோடு அதுவும் வரும். வராவிட்டாலும் உனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் இரவு கலைச்சொற்களை வெறுமனே பார்த்துக்கொண்டு போகாதே, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல். விடுதியில் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடிக்குப் போ.

தேர்வாளராகப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளைக்கு நின்றுவிட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விட்டு, கடைசியில் இதற்குத் திரும்பி வாருங்கள். அதற்குள் பல பேருக்கு வந்திருக்கும். வராதவர்களுக்கு முதல் எழுத்தைக் கொடுங்கள்.